ஜெர்மனியில் இருக்கும் உலகின் மிகக் குறுகிய தெரு எப்படி உருவானது?

தெருவைத் தேடிக்கொண்டு போனால் தவறவிட்டு விடுவீர்கள். முதல் தடவை நானும் அதைத் தாண்டி நடந்து போய், திரும்பி வந்துதான் கண்டுபிடித்தேன். இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவில் ஒரு இடுக்கு, அவ்வளவுதான். திருநெல்வேலிக்காரனான எனக்கு அது தெருவே இல்லை, முடுக்கு. அதிலும் ஒல்லியான முடுக்கு!

ஊர் ராய்ட்லிங்கன், ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே. தெருவின் பெயர் ஷ்ப்ராயர்ஹோஃப்ஷ்ட்ராஸ. ஷ்ப்ராய் என்றால் பதர், உமி; ஹோஃப் என்றால் முற்றம். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 31 செ.மீ. பள்ளிக்கூட ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் மிச்சம் ஒரு சென்டிமீட்டர்தான். அகலமான இடத்திலும் 50 செ.மீ.யைத் தாண்டாது. நீளமும் சில எட்டுகள்தான்.

இது உருவான கதை ஒரு தீயில் தொடங்குகிறது. 1726 செப்டம்பரில் ராய்ட்லிங்கன் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. அன்றைக்கு அது எந்தச் சிற்றரசருக்கும் கட்டுப்படாமல், நேரே பேரரசரின் கீழ் இருந்த சுதந்திர நகரம். மரச்சட்டம் போட்டு, இடைவெளியை மண்ணால் அடைத்த வீடுகள் நெருக்கி நெருக்கி நின்றால் தீக்கு வேறென்ன வேண்டும்? ஐந்தில் நான்கு பங்கு வீடுகள் போய்விட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஊரின் பெரிய மரியன் தேவாலயம் கல் கட்டடம் என்பதால் நின்றது. ஆனால் உள்ளே நிறைய எரிந்துபோனது.

மறு வருஷமே, 1727இல், இந்தப் பகுதியைத் திரும்பக் கட்டினார்கள். அப்போது உருவானதுதான் இந்த இடுக்கு. பழைய ஜெர்மன் ஊர்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே இப்படிச் சந்து விடுவது புதுசல்ல. கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரில் இறங்கக் கூடாது, கழிவும் வெளியேற வேண்டும். நம் ஊரில் தாழ்வாரத் தண்ணீருக்காக நடக்கும் அதே பங்காளிச் சண்டை அங்கேயும் இருந்திருக்கும் போல.

சரி, அப்படியானால் மற்ற சந்துகளை விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் தெரு என்கிறார்கள்? காகிதம்தான் காரணம். இந்த நிலம் எந்த வீட்டுக்காரருக்கும் சொந்தமில்லை, நகராட்சியுடையது. நிலப் பதிவேட்டில் 77ஆம் எண் நகரத் தெரு என்றே எழுதியிருக்கிறது. கின்னஸ் புத்தகம் ஏற்றுக்கொண்டதும் அதனால்தான். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்தில் பார்லிமென்ட் ஸ்ட்ரீட் என்று ஒன்று உண்டு. சுமார் 64 செ.மீ. இதோடு ஒப்பிட்டால் அது ராஜபாட்டை! என்னைக் கேட்டால், ராய்ட்லிங்கனின் சாமர்த்தியம் கட்டியதில் இல்லை, பதிந்து வைத்ததில் இருக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். பக்கத்து வீட்டின் பழைய மரச்சட்டச் சுவர் சந்துப் பக்கம் புடைத்து வருவதாகச் சில வருடங்களுக்கு முன் செய்தி வந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் சாதனை கூடும், ஆனால் ஆள் நுழைய முடியாது.

போக நினைத்தால் முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழையுங்கள். மழை நாளில் வேண்டாம். நான் அப்படிப் போய், இரண்டு பக்கச் சுவரின் ஈரத்தையும் சட்டையில் வாங்கிக்கொண்டு வந்தேன்.