பாட்டு இருக்கிறது, குஞ்சு இல்லை

கேள்வி: என் ஆண் கேனரிக்கு மூன்று வயது. சிறகு உதிர்த்த பிறகு பாடுவதை நிறுத்திவிட்டது. கடைக்காரர் கொடுத்த ஹார்மோன் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தேன், மீண்டும் பாடுகிறது. ஆனால் ஜோடி சேர்த்ததில் இரண்டு ஈடும் கூமுட்டை. மருந்தைக் கூட்டலாமா? கூண்டு கூடத்தில்தான் இருக்கிறது. வருடம் முழுவதும் இரவு பதினொரு மணி வரை விளக்கு எரியும்.

பதில்: கூட்டாதீர்கள், இன்றே நிறுத்துங்கள். போகிற போக்கில் விளக்கைப் பற்றிச் சொன்னீர்களே, அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் காயடித்த கேனரியும் பாடும். பெட்டையே பாடும், இது 1930களிலிருந்து தெரிந்த சங்கதி. ஆகவே பாட்டை வைத்து விரையை எடைபோடாதீர்கள். விந்து உருவாக, மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற, விரையைத் தூண்டும் இரண்டு ஹார்மோன்களும் சுரக்க வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், சரக்கு போதுமென்று மூளை அவற்றைக் குறைத்துவிடுகிறது. கடைக்காரர் உங்களுக்கு விற்றது பாட்டை மட்டும்தான். சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இல்லாத புட்டியை நான் சாக்கடையில்தான் ஊற்றுவேன்.

இனி விளக்கு. இந்தப் பறவைகளின் மூளையே வெளிச்சத்தை உணரும். 1970இல் மெனாக்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் சிட்டுக்குருவிகளின் தலைத்தோலுக்கடியில் கறுப்பு மசியைச் செலுத்தினார்கள். கண் திறந்தே இருந்தும், மங்கலான வெளிச்சத்தில் வளர வேண்டிய விரை வளரவில்லை. கூண்டின் மேல் மெல்லிய துணியைப் போட்டுவிட்டு இருட்டு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பகல் நீளும்போது விரை பலமடங்கு பெருக்கும். நீண்ட பகல் முடிவில்லாமல் தொடர்ந்தால் மூளை அதைச் சட்டை செய்யாது. விரை சுருங்கும், சிறகு உதிரும், பாட்டும் நிற்கும். இது நோயல்ல. குறுகிய பகலைச் சில வாரங்கள் அனுபவித்தால்தான் நீண்ட பகலுக்கு இசையும் கூருணர்வு திரும்பும். உங்கள் பறவைக்கு அந்தக் குறுகிய பகல் வாய்க்கவே இல்லை.

விளக்கு எரியாத அறைக்கு ஜோடியை மாற்றுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் எட்டு மணி நேர வெளிச்சம் மட்டும் போதும். பிறகு வாரத்துக்கு அரைமணி கூட்டி, பதினான்கு மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். தீனியில் கைவைக்காதீர்கள். ஜீப்ரா ஃபிஞ்ச் வளர்ப்பவரிடம் யோசனை கேட்கவும் வேண்டாம். அது மழையையும் விதையையும் பார்த்துக் கூடு கட்டும் பறவை, கணக்கே வேறு.

அடுத்த ஈட்டில், அடைகாத்த ஆறாம் நாள் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடியிருந்தால் கரு வளர்கிறது, எனக்கு எழுத வேண்டாம்.