டேப்பா கம்ப்யூட்டரா: ஒரு ஒலிப்பதிவாளரிடம் சில கேள்விகள்

வடபழனிப் பக்கம் ஸ்பூல் டேப்பில் (பெரிய சுருளில் ஓடும் காந்த நாடா, அதுதான் அனலாக்) வேலை பழகி, இப்போது கம்ப்யூட்டரில் (அதுதான் டிஜிட்டல்) ஒலிப்பதிவு செய்கிறவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

மயிலாப்பூரிலிருந்து: சார், டிஜிட்டலில் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்களாம், அனலாகில்தான் முழுசாக இருக்கிறதாம். என் மாமா அடித்துச் சொல்கிறார். நிஜமா?

மாமா எங்கேயோ படிக்கட்டு மாதிரி வரைந்த படத்தைப் பார்த்திருக்கிறார். அந்தப் படமே தப்பு. டிஜிட்டலில் ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து குறிக்கிறோம், ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. பதிவாகும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நொடிக்கு மாதிரி எடுத்துவிட்டால், திரும்ப வருவது வழவழப்பான அதே அலைதான். மனிதக் காது எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை (மாமா வயதில் அதுவும் கிடையாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்). சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள். இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளி (கூடக் கூட நல்லது) நல்ல ஸ்டூடியோ டேப்பில் 60, 70 டெசிபல், சிடியில் 96.

சாலிகிராமத்திலிருந்து: அப்புறம் ஏன் அண்ணே டேப்பில் எடுத்த பாட்டு அவ்வளவு இதமாக இருக்கிறது?

மிருதங்கத்தில் ஒரு சாப்பு விழுகிறது என்று வையுங்கள். டேப் தாங்குகிற அளவைத் தாண்டினால் அதன் உச்சி மெதுவாக மழுங்கும், கூடவே மூலத்தில் இல்லாத மேல் அதிர்வுகள் கொஞ்சம் சேரும். கணக்குப்படி இது குறைதான். காபியில் சிக்கரி மாதிரி, பலருக்கு அதுதான் பிடிக்கிறது, எனக்கும்தான். டிஜிட்டலில் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தாண்டினால் நறுக்கென்று வெட்டு. அதனால் உச்சத்தை மைனஸ் 12-இல் நிறுத்துங்கள். 24 பிட்டில் (ஒவ்வொரு மாதிரியையும் சிடியைவிட நுணுக்கமாக அளப்பது) இரைச்சல் பயமில்லை.

இன்னொன்று. 24 தடங்களைத் தனித்தனியாகப் பதியும் 24 டிராக் ஸ்பூல் நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் சுமார் 16 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தப் பயத்திலேயே எல்லோரும் ஒத்திகை பார்த்துவிட்டு வருவார்கள். பழைய பாட்டின் இதத்தில் அதற்கும் பங்கு உண்டு.

திருவான்மியூரிலிருந்து: தாத்தா பாடிய கச்சேரிகள் ஸ்பூலிலும் கேசட்டிலும் பீரோவில் இருக்கின்றன. என்ன செய்வது?

அவசரமான கேள்வி இதுதான். மற்றதெல்லாம் டீக்கடைச் சண்டை.

1970, 80களில் வந்த சில ஸ்பூல் டேப்களில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுப்பாகும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். ஓடும்போது கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள், துகள் உரிந்து ஹெட்டில் (டேப்பை உரசிப் படிக்கும் பாகம்) ஒட்டும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்தால் 50, 55 டிகிரி சீரான சூட்டில் பல மணி நேரம் உலர்த்தி, பிறகு ஓட்டுவார். வீட்டு அவனில் வைக்காதீர்கள். வினிகர் வாடை அடித்தால் அது பழைய அசிடேட் டேப், அதற்குச் சூடே ஆகாது.

கேசட்டுக்கு இவ்வளவு பாடு பெரும்பாலும் இல்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்து, ஒலி மந்தமாக இருந்தால் ஹெட் பக்கத்துச் சிறு திருகைத் தம்புரா பளிச்சென்று கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள். பிறகு சுருதியைச் சோதியுங்கள். வேகம் 6 சதவீதம் கூடினால் ஒரு கட்டை ஒன்றரைக் கட்டையாகிவிடும். பேட்டரி தீரத் தீர எடுத்த பதிவென்றால் போகப் போகச் சுருதி ஏறும். தாத்தா ஏற்றவில்லை, ரெக்கார்டர்தான் தளர்ந்து ஓடியிருக்கிறது. இதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம்.

48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரிகள்), 24 பிட்டில் ஸ்டீரியோவாக எடுத்தால் மணிக்கு சுமார் 1 ஜிபி. இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். டேப்பும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்து 2015 வெள்ளத்தில் சேர்ந்தே போன வீடு எனக்குத் தெரியும்.

அடையாறிலிருந்து: 192 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமா?

டிஸ்க் சீக்கிரம் நிறையும்.

பெரம்பூரிலிருந்து: எங்கள் கானா குழுவுக்குப் பழைய ஸ்பூல் மெஷின் வாங்கலாமா சார்?

வேண்டாம் தம்பி. பாகம் தேடியே நாள் போய்விடும். அந்தக் காசில் ஒரு நல்ல மைக் வாங்கி, ஃபேனை நிறுத்தி, சுவரோரம் மெத்தையைச் சாய்த்து, தெருவில் ஆட்டோ சத்தம் அடங்கியபின் பாடுங்கள்.

அண்ணா நகரிலிருந்து: இப்போது வரும் புது எல்பி ரெக்கார்டுகள் சுத்த அனலாக்தானே?

பலவும் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியவைதான். பிடித்தால் வாங்குங்கள், அட்டைப் படமாவது பெரிதாக இருக்கும்.