கடலூர், பாண்டி பக்கம் வீட்டு ப்ரூயிங்குக்கு சிஓ2 சிலிண்டர் எங்க ரீஃபில் பண்றது?

கேள்வி கேட்டவர் மஞ்சக்குப்பத்துல இருக்காராம், வீட்டுல கொம்புச்சாவும் (டீத்தண்ணிய புளிக்க வச்சு செய்யறது) இஞ்சி பீரும் போடறாராம், அமெரிக்காவுலேருந்து திரும்பி வந்த மச்சான் வீட்டு சாமானோட ஒரு 5 பவுண்டு அலுமினிய சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) டேங்கும் ரெகுலேட்டரும் 19 லிட்டர் கெக் (பானத்த கேஸோட அடைச்சு வைக்கற பாத்திரம்) ஒண்ணும் வந்துருக்கு, கேஸ் அடிக்க எங்க போனாலும் கைய விரிக்கறாங்க, தீயணைப்பு சிலிண்டர் ஆகுமான்னு கேட்டிருக்கார். நான் பாண்டியில இருக்கேன், கொஞ்ச வருஷமா இதே வேலைய வீட்டு மாடியில பண்ணிட்டு இருக்கேன், அதனால தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல கெட்ட சேதி. அந்த டேங்க இங்க முறையா கேஸ் அடிக்கற எந்த இடத்துலயும் தொட மாட்டாங்க, அது அவங்க திமிரு இல்ல. நம்ம நாட்டுல 2016 எரிவாயு உருளை விதிகள்னு ஒண்ணு இருக்கு, நாக்பூர்ல இருக்கற பெசோ (மத்திய அரசோட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஆபீஸ் அனுமதி குடுத்த சிலிண்டருக்குத்தான் கேஸ் அடிக்கலாம், அடிக்கறவனுக்கும் லைசென்ஸ் வேணும். உங்க டேங்க் கழுத்துல அமெரிக்கா போக்குவரத்துத் துறை முத்திரைதான் இருக்கும், இங்க அது செல்லாது. அதோட சிஓ2 சிலிண்டர அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ தண்ணி அடிச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணி தேதி பொறிக்கணும், ஹைட்ரோ டெஸ்ட்னு சொல்வாங்க, அந்த தேதி தாண்டுனா நம்ம ஊர் சிலிண்டரா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. யாராவது "குடுங்க சார் நான் அடிச்சு தரேன்"னு தேதி கூட பாக்காம வாங்கினா அவர்கிட்டதான் நீங்க ஜாக்கிரதையா இருக்கணும்.

அதனால நான் யார் கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான், சிலிண்டர் வாங்கறதுக்கு முன்னாடி கேஸ் குடுக்கற ஆள புடிங்க, அவர் எந்த சிலிண்டர் எடுத்துக்குவாரோ அதையே வாங்குங்க. ஆன்லைன்ல பளபளன்னு இருக்குன்னு சிலிண்டர வாங்கி வச்சுட்டு அப்புறமா ரீஃபில் தேடறவங்கதான் பாதி பேரு.

சரி, ஆள எப்படி புடிக்கறது? ப்ரூயிங் சாமான் கடைன்னு தேடினா நம்ம பக்கம் ஒண்ணும் சிக்காது. இந்த ஊர்ல ஏற்கனவே யாரு சிஓ2 வாங்கறாங்கன்னு யோசிங்க. சோடா போடறவங்க, மிக் வெல்டிங் பட்டறை, தீயணைப்பு சிலிண்டர் சர்வீஸ் பண்றவங்க, பப்பு ஓட்டல்ல ட்ராஃப்ட் பீர் மெஷின் வச்சிருக்கறவங்க, மீன் தொட்டியில செடி வளக்கறவங்க. இதுல எனக்கு உருப்படியா அமைஞ்சது சோடா கம்பெனிதான்.

கடலூர்ல திருப்பாப்புலியூர், ஓல்டு டவுன், நெல்லிக்குப்பம், இந்தப்பக்கம் வில்லியனூர், அரியாங்குப்பம்னு எங்க போனாலும் கோலி சோடா, பன்னீர் சோடா போடற சின்ன யூனிட்டு தேடினா மாட்டும், வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு, அவ்வளவுதான். அவங்களுக்கு கேஸ் இல்லன்னா பொழப்பே இல்ல, அதனால ஒரு டீலர் கண்டிப்பா இருப்பார், வண்டி வந்து காலி சிலிண்டர எடுத்துட்டு நெறஞ்சது இறக்கிட்டு போகும். நேரா போய் "அண்ணே உங்களுக்கு கேஸ் யார் போடறாங்க"ன்னு கேட்டா மொதல்ல மூஞ்ச ஒரு மாதிரி வச்சுக்குவாங்க, போட்டிக்கு கடை போட வந்துருக்கான்னு நெனப்பு. ரெண்டு பன்னீர் சோடா வாங்கி குடிச்சுட்டு, வீட்டுல டீத்தண்ணிய புளிக்க வச்சு கேஸ் ஏத்தி குடிக்கறேன்னு விளக்கமா சொன்னா "இத போயி குடிப்பீங்களா தம்பி"ன்னு பாவமா பாத்துட்டு டீலர் நம்பர் குடுத்துடுவாங்க. எனக்கு அப்படித்தான் கெடச்சுது.

சோடாக்காரங்க வழியா போறதுல இன்னொரு நல்லது, அந்த கேஸ் குடிக்கற சாமானுக்குன்னே வர்றது. ஆனாலும் ஃபுட் கிரேடுதானான்னு கேட்டு பில்லுலயோ சர்டிபிகேட்லயோ பாத்துக்கோங்க, 99.9 சதவீதத்துக்கு கொறையாத சுத்தம் இருக்கணும். குளிர்பான பாட்டில் பின்னாடி 290ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பான் பாருங்க, அது இந்த சிஓ2தான்.

டீலர் ரெண்டு விதமா குடுப்பார். ஒண்ணு எக்ஸ்சேஞ்ச், டெபாசிட் கட்டினா அவர் சிலிண்டரே நம்மகிட்ட இருக்கும், காலியானா மாத்திக்கலாம், டெஸ்ட் தேதி தலைவலி அவரோடது. இன்னொண்ணு நம்ம சொந்த சிலிண்டர அனுப்பி நெரப்பிக்கறது, வாரக்கணக்குல கூட இழுக்கும், ஏன்னா உள்ளூர்ல டீலர் வெறும் குடோன் வச்சிருப்பார், நெரப்பற பிளான்ட் வேற எங்கயோ இருக்கும். எக்ஸ்சேஞ்ச்தான் நிம்மதி. பிரச்சன என்னன்னா எக்ஸ்சேஞ்ச்ல சாதாரணமா ஓடறது ஆள் உயர 30 கிலோ சிலிண்டர், காலி எடையே 50 கிலோ பக்கம், மூணாவது மாடிக்கு ஏத்தறவனுக்கு தனியா கூலி குடுக்கணும். சின்னது இருக்கான்னு கெஞ்சி கேளுங்க, சில பேர்கிட்ட 5 கிலோ, 9 கிலோ சைஸ் ஒண்ணு ரெண்டு கெடக்கும்.

நமக்கு எவ்வளவு வேணும்னு பாத்தா சிரிப்பா இருக்கும். கொம்புச்சாவுக்கு நல்லா சுருசுருன்னு இருக்கணும்னா லிட்டருக்கு 5 கிராம் கேஸ் போதும், 19 லிட்டர் கெக்குக்கு நூறு கிராமுக்குள்ள, அப்புறம் அத வெளிய தள்ள இன்னொரு அறுபது எழுபது கிராம். கசிவு அது இதுன்னு தள்ளிட்டாலும் 2 கிலோ சிலிண்டர்ல பத்து கெக் வரும். சோடா தண்ணின்னா லிட்டருக்கு 8 கிராம் வச்சுக்கோங்க. 30 கிலோ வாங்கினா தெருவுக்கே ஊத்தலாம், அதனால ரெண்டு மூணு பேரு சேந்து வாங்கறதா இருந்தா மட்டும் பெருசு.

வெல்டிங் பக்கம் போறதா இருந்தா பாண்டியில தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு எஸ்டேட்டு, கடலூர்ல சிப்காட் பக்கம் விசாரிங்க, பட்டறைங்களுக்கு கேஸ் போடற டீலருங்க அங்கதான் சுத்திட்டு இருப்பாங்க. ரெண்டு விஷயம் கவனம். அவங்க நெறைய பேர் யூஸ் பண்றது ஆர்கானும் சிஓ2வும் கலந்தது, அது நமக்கு ஆகாது, சுத்த சிஓ2ன்னு அழுத்தி கேட்டு வாங்கணும். ரெண்டாவது, வெல்டிங் சிஓ2வும் குடிக்கற சிஓ2வும் ஒரே டேங்கர்லேருந்து தான் வருதுன்னு எல்லாரும் சொல்வாங்க, இருக்கலாம், ஆனா சிலிண்டர் உள்ள முன்னாடி என்ன இருந்துச்சு, எண்ண பிசுக்கு இருக்கான்னு யாருக்கு தெரியும். நான் பண்றது, வெள்ளத் துணியில கொஞ்சம் கேஸ ஐஸா புடிச்சு, அது கரைஞ்சு போனதும் கறையோ வாடையோ இருக்கான்னு பாப்பேன், எண்ண வாட வந்துச்சுன்னா திருப்பி குடுத்துடுவேன். கையுறை போட்டுக்கிட்டு பண்ணுங்க, அந்த ஐஸு மைனஸ் 78 டிகிரி.

தீயணைப்பு சிலிண்டர் விஷயம் கேட்டிருந்தீங்க. 2 கிலோ, 4.5 கிலோன்னு நமக்கு தோதான சைஸ்ல இருக்கும், ரீஃபில் பண்றவங்களும் ஊர்ல ஈசியா கெடைப்பாங்க, அதனால நெறைய பேர் அதுல போறாங்க. எனக்கு அதுல இஷ்டம் இல்ல. உள்ள அடி வரைக்கும் ஒரு குழாய் இருக்கும், அதனால தொறந்தா கேஸ் வராது, திரவமாவே வரும், அத அப்படியே ரெகுலேட்டர்ல விட்டா ரெகுலேட்டர் காலி. குழாய எடுத்து வால்வு மாத்தணும், அத லைசென்ஸ் இருக்கற டெஸ்டிங் ஸ்டேஷன்ல பண்ணணும், அப்படி பண்ணினா அது தீயணைப்பு சிலிண்டரும் இல்ல. அவங்க அடிக்கற கேஸ் நெருப்பு மேல அடிக்கறதுக்கு, வாயில ஊத்தறதுக்கு இல்ல.

இப்ப முக்கியமான ஒண்ணு, வாங்கறப்போ எடை போட்டு வாங்குங்க. கழுத்துல காலி எடை பொறிச்சிருக்கும், தராசுல வச்சு கழிச்சா கேஸ் எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். பிரஷர் மீட்டர் முள்ள பாத்து ஏமாறாதீங்க. உள்ள திரவம் கொஞ்சம் இருக்கற வரைக்கும் முள்ளு ஒரே இடத்துல நிக்கும், 30 டிகிரில 72 பார் (பார்ங்கறது பிரஷர் அளவு), முக்காவாசி இருந்தாலும் அதேதான், பாதிக்கு கொஞ்சம் மேல இருந்தாலும் அதேதான், திரவம் தீந்ததுக்கு அப்புறம்தான் விழ ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜ்குள்ள வச்சா 39, 40 பார்னு காட்டும், கேஸ் பாதி போயிடுச்சுன்னு பயந்து டீலருக்கு போன் போட்டவங்க இருக்காங்க.

நம்ம ஊர் வெயில்ல இன்னொரு கூத்து. சிஓ2 31 டிகிரிக்கு மேல திரவமாவே இருக்காது, திரவமும் இல்லாம கேஸும் இல்லாம ரெண்டுங்கெட்டான் நெலைக்கு போயிடும், அப்புறம் சூடு ஏற ஏற பிரஷர் எகிறும். அதனாலதான் சிலிண்டர் கொள்ளுற தண்ணி எடையில மூணுல ரெண்டு பங்கு அளவுக்குத்தான் கேஸ் அடிக்கணும்னு கணக்கு, 3 லிட்டர் சிலிண்டர்னா 2 கிலோ. ஒழுங்கா அடிச்ச சிலிண்டரே 50 டிகிரில 140 பார் பக்கம் போகும். மே மாசம் கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கார நிறுத்திட்டு போனீங்கன்னா உள்ள அந்த சூடு சாதாரணம். இதுல ஒருத்தர் பெரிய சிலிண்டர தலைகீழா கட்டி, சின்ன சிலிண்டர ஐஸ்ல குளிர வச்சு, எடையும் போடாம ஃபுல்லா அடிச்சு குடுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. வால்வுல ஒரு தகடு இருக்கும், பிரஷர் எல்ல தாண்டினா அது கிழிஞ்சு கேஸ் மொத்தமும் வெளிய வரும், காருக்குள்ள வந்துச்சுன்னா மூச்சு முட்டிடும். வீடியோ பாத்துட்டு இந்த மாத்தி அடிக்கற வேலைய வீட்டுல பண்ணாதீங்க, சட்டப்படியும் தப்பு.

வீட்டுல எங்க வைக்கறதுன்னா, காத்து ஓடற எடத்துல, நிக்க வச்சு சங்கிலி போட்டு கட்டி. ஏசி ரூம்ல வேண்டாம். 2 கிலோ கேஸ் வெளிய வந்தா 1100 லிட்டர், பத்துக்கு பத்து ரூம்ல அது காத்துல 4 சதவீதம், அந்த அளவே உயிருக்கு ஆபத்துன்னு வகைப்படுத்தியிருக்காங்க. வாடை இருக்காது, காத்த விட கனம், கீழ தேங்கும், தரையில பாய் போட்டு படுக்கற வீடுன்னா சொல்லவே வேணாம். எடுத்துட்டு வர்றப்போ ஜன்னல தொறந்து வைங்க. பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல இருபத்தஞ்சு கிலோமீட்டர் கூட இல்லன்னு பஸ்ல ஏத்தப் பாக்காதீங்க, கண்டக்டர் இறக்கி விட்டா அவர் பக்கம்தான் நியாயம், ரயில்ல சுத்தமா கூடாது.

ரெகுலேட்டருக்கு வருவோம். உங்க மச்சானோடது அமெரிக்கா மரை, அது 0.825 இஞ்ச், அதாவது 21 மில்லி கூட வராது, நம்ம ஊர் சிஓ2 வால்வுல பெரும்பாலும் 21.8 மில்லி மரை, ஏறக்குறைய ஒண்ணாதான் தெரியும், ஸ்பேனர் போட்டு இறுக்கி ஏத்தலாமான்னு கை அரிக்கும், ஏத்தாதீங்க. ரெண்டு மரைக்கும் நடுவுல போடற அடாப்டர் ரெடிமேடாவே விக்கறாங்க, அத வாங்குங்க, லேத்துல பித்தளைத் துண்டு கடைஞ்சு போடற வேலை 70 பார்ல வேணாம். புதுசா வாங்கறதா இருந்தா வெல்டிங் கடையில காட்டற ரெகுலேட்டர்ல பல பேரு நிமிஷத்துக்கு எத்தன லிட்டர்னு ஓட்டம் காட்டறதத்தான் எடுத்து நீட்டுவாங்க, நமக்கு வேண்டியது பிரஷர் செட் பண்றது, வெளிப்பக்க மீட்டர் 60 பிஎஸ்ஐ வரைக்கும் இருந்தா போதும். ஃபிரிட்ஜ்ல 4 டிகிரில 12 பிஎஸ்ஐ வச்சு ஒரு வாரம் விட்டீங்கன்னா கேஸ் புடிச்சுக்கும், வெளிய ரூம் சூட்டுல அதே அளவு கேஸ் புடிக்க 30க்கு மேல வைக்கணும், நுரைதான் வரும். மாட்டின உடனே சோப்புத் தண்ணி தடவி பாருங்க, நைலான் வாஷர் ஒண்ணு ரெண்டு ஸ்பேர் வச்சுக்கோங்க, கேஸ் காணாம போறதுக்கு பாதி காரணம் அந்த வாஷர்தான்.

ப்ரூயிங்னு கேட்டதால இதையும் சொல்லிடறேன், பீர் போடற ஐடியா இருந்தா கடலூர்ல 1937 மதுவிலக்கு சட்டம், பாண்டியில 1970 எக்சைஸ் சட்டம், ரெண்டு பக்கமும் லைசென்ஸ் இல்லாம போடறது குத்தம், பாண்டியில கடை தெருவுக்கு தெரு இருக்கேன்னு வீட்டுல காய்ச்சலாம்னு அர்த்தம் இல்ல. கொம்புச்சா, இஞ்சி பீர்லயும் ஆல்கஹால் கொஞ்சம் வரும், 0.5 சதவீதத்துக்கு மேல போனா உணவுப் பாதுகாப்பு விதிப்படி அது மதுபானக் கணக்கு, நம்ம வெயிலுக்கு ரெண்டு நாள் கூட விட்டாலே தாண்டிடும், அதனால சீக்கிரமா குளிர வைங்க.

மாசத்துக்கு அஞ்சு லிட்டர்தான் போடறீங்கன்னா இவ்வளவு அலைச்சல் தேவையே இல்ல, லிட்டருக்கு 8 கிராம் சக்கர போட்டு பழைய பிளாஸ்டிக் சோடா பாட்டில்ல அடைச்சு வெளியவே வைங்க, பாட்டில் கல்லு மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜ்ல தள்ளுங்க, இங்க ரெண்டு மூணு நாள்ல ஆயிடும். கண்ணாடி பாட்டில் வேணாம், வெடிக்கும். கெக்க தூக்கிப் போடாதீங்க, அது நல்ல சாமான். டீலர் சிலிண்டர் காட்டினா காசு குடுக்கறதுக்கு முன்னாடி அது கழுத்துல பொறிச்சிருக்கறத போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க, தேதியும் எடையும் பாத்து சொல்றேன்.