மகள் ஏற்றும் கணக்கு

கேள்வி: திருமங்கலம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் 22 ஆண்டுகளாக, நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கிறேன். சங்கத்தின் கிளைக் கமிட்டியிலும் உறுப்பினர். ஆறு மாதத்துக்கு முன் நிர்வாகம் எங்கள் செல்போன்களில் ஒரு செயலியைப் போடச் சொன்னது. எந்த பிரேம் எவ்வளவு நேரம் நின்றது, எதைக் கழற்றி எதை மாட்டினோம் என்பதையெல்லாம் அதில் பதிய வேண்டும். அதைத் தொடக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம். பதியாதவர்களை வேறு பகுதிக்கு மாற்றப்போவதாக நிர்வாகம் சொல்கிறது. எனக்கு டைப் அடிக்க வராது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்ததும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகளிடம் சொல்லி ஏற்றிவிடுகிறேன். இப்போது என்னை மேற்பார்வையாளர் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். சங்கத்தோடு நிற்பதா, நிர்வாகத்தோடு போவதா?
ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: சங்கமா நிர்வாகமா என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. நூலைத் தானே சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரம் வந்து, நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் ஆள் குறைந்தபோதும் இதே கேள்வியோடு எழுதினார்கள். அந்தக் கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு உட்காருகிறாள்? இரண்டாம் ஷிப்ட் முடிந்து நீங்கள் வீடு சேர இரவு பதினொன்றாவது ஆகும். எத்தனை டிராவலர் மாற்றினோம், எந்த ஸ்பிண்டிலில் பேரிங் போனது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, பொதுத்தேர்வு எழுதப்போகும் பெண் தூக்கக் கண்ணோடு கூலியில்லாமல் ஓர் ஆலைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். அதைக் குற்றமாகக்கூட நீங்கள் எழுதவில்லை. டைப் அடிக்க வராததற்கு ஒரு வழியாக எழுதியிருக்கிறீர்கள்.

என் தந்தையும் மதுரையில் மில் தொழிலாளிதான். சங்கு ஊதிவிட்டால் அவர் எங்கள் வீட்டு மனிதர். தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தவிர மில்லிலிருந்து எதையும் அவர் வாசற்படி தாண்டிக் கொண்டுவந்ததில்லை. அந்த வாசற்படி சும்மா கிடைத்ததன்று; வேலை நேரத்துக்கு வரம்பு கேட்டு வேலை இழந்தவர்களும் பட்டினி கிடந்தவர்களும் வாங்கித் தந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் அந்த இரட்டிப்பைக் கைவிடவில்லை. நீங்களோ ஆறு மாதமாக அதை ஒற்றையாகக்கூடக் கேட்காமல் மகளின் கையால் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

கமிட்டியில் கை தூக்கிவிட்டு இரவில் பதிவேற்றும்போது, தீர்மானத்தை நம்பிப் பதியாமல் இருக்கும் சக பிட்டர்களை நீங்களே இடமாற்றத்துக்குத் தள்ளுகிறீர்கள். “அவரால் முடிகிறதே, உங்களுக்கு என்ன?” என்று நிர்வாகம் அவர்களைக் கேட்கும். பயிற்சிக்கு உங்களைக் கூப்பிட்டதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பது உங்கள் மகளின் விரல்களை.

செயலியே தீது என்று நான் சொல்லவில்லை. எந்த பிரேம் அடிக்கடி நிற்கிறது என்று தெரிந்தால் பழுது முன்கூட்டியே பிடிபடும்; அது ஆலைக்கும் நல்லது, உங்கள் முதுகுக்கும் நல்லது. அதே எண்களை வைத்து எந்த பிட்டர் எத்தனை நிமிடம் சும்மா நின்றார் என்றும் அளக்கலாம் என்பதுதான் ஆபத்து. அதைப் பேசித் தீர்க்க வேண்டிய உங்கள் சங்கம், தொடாதே என்ற ஒரு சொல்லோடு எழுந்துவிட்டது. வங்கி ஊழியர் சங்கங்கள் கணினியை எதிர்த்த வேகம் கொஞ்சமன்று. ஆனாலும் அவை 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கத்தோடு உட்கார்ந்து, எந்த இயந்திரம், எங்கே, எவ்வளவு என்பதை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திட்டன. 2020 ஜூனில் ஐரோப்பியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகளின் அமைப்புகளும் செய்துகொண்ட டிஜிட்டல்மயமாக்கல் ஒப்பந்தத்தில், வேலை நேரத்துக்கு வெளியே நிர்வாகத்தின் தொடர்புக்குக் கிடைத்தாக வேண்டிய கட்டாயம் தொழிலாளிக்கு இல்லை என்ற வரியே இருக்கிறது. அது நம் ஊரில் செல்லாது என்பது தெரியும். முதலாளிகளும் கையெழுத்திடக்கூடிய வரி அது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

நமக்கும் பிடி உண்டு. வேலை நேரம், ஓய்வு இடைவேளை போன்றவற்றை மாற்றும் முன் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு சொன்னது. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பின் 40ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஷிப்டுக்குள் முடியாத பதிவு வேலை நேரத்தை நீட்டுகிறது என்று உங்கள் சங்கம் எழுத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் அந்தப் பதிவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது கமிட்டியில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். நீங்கள் வாய் திறக்கவில்லை.

இன்று இரவே அந்தச் செல்போனை மகளிடமிருந்து வாங்கிவிடுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், யார் எவ்வளவு திட்டினாலும், நடந்ததை முழுவதும் சொல்லுங்கள். இப்படிப்பட்ட செயலிகள் ஒவ்வொரு பதிவையும் நேரத்தோடு சேர்த்துத்தான் வைத்துக்கொள்ளும். ஆறு மாதமாக ஷிப்ட் முடிந்த பிறகு உங்கள் பெயரில் வேலை நடந்திருக்கிறது என்பதற்கு நிர்வாகத்தின் கணினியே சாட்சி சொல்லும். அந்தப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்கிச் சங்கத்தின் மனுவோடு சேருங்கள். பதிவை ஷிப்டுக்குள் முடிக்க நேரம், செயலி தமிழில், வேலை நேரத்திலேயே எல்லாப் பிட்டர்களுக்கும் பயிற்சி, அந்த எண்களை வைத்துத் தண்டனை இல்லை என்ற எழுத்து ஆகியவற்றை மனுவில் கேளுங்கள். மேற்பார்வையாளர் பயிற்சிக்குப் போவதாக இருந்தால் இதையெல்லாம் செய்த பிறகு, கமிட்டியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளக் கமிட்டியில் உள்ள இளைஞர் யாரையாவது கேளுங்கள். தேர்வு முடியும்வரை மகளைக் கேட்காதீர்கள்.