பத்து இன்ச்சோடு பதினைந்து இன்ச் சேருமா?

கேள்வி: என் பேஸ் கிட்டாருக்கு 500 வாட் ஆம்ப் (இணைக்கும் ஸ்பீக்கர்களின் மின்தடை 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது), 10 இன்ச் ஸ்பீக்கர் நான்கு உள்ள 8 ஓம் கேபினெட் ஒன்று வைத்திருக்கிறேன். டிரம்ஸ் சத்தம் ஏறினால் என் வாசிப்பு அமுங்கிப் போகிறது. கீழே ஒற்றை 15 இன்ச் கேபினெட் வைத்தால் அடிநாதம் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போது இருப்பதைப் போலவே இன்னொன்று வாங்குங்கள்.

15 இன்ச் என்றாலே ஆழமான பேஸ் என்ற நம்பிக்கை வெகுகாலமாக இருக்கிறது. எவ்வளவு கீழே இறங்கும் என்பதை ஸ்பீக்கரின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பெட்டியின் கொள்ளளவு, அதில் காற்று போய்வரும் துளையான போர்ட், ஸ்பீக்கரின் தன்மை எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. 15 இன்ச்சைவிடக் கீழே இறங்கும் 10 இன்ச் கேபினெட்டுகளும் உண்டு.

அடுத்தது கரன்ட் கணக்கு. இரண்டு 8 ஓம் கேபினெட்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மின்தடை பாதியாகி 4 ஓம். ஆளுக்கு 250 வாட். பழைய பெட்டியில் அதை நான்கு ஸ்பீக்கர்கள் பங்கு போட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் 62 வாட் சொச்சம். புதியதிலோ மொத்தச் சுமையும் ஒரே கோனின் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) தலையில். நான் இப்படி ஜோடி சேர்த்து வாசித்த காலத்தில், மேலே இருந்த நான்கும் நிதானமாகப் பாடிக்கொண்டிருக்க, கீழே இருந்தது தடித்த ஈ (E) கம்பியைத் தொட்டாலே 'பர்ர்' என்று பிய்ந்தது. கிரில்லைக் கழற்றிப் பார்த்தால் கோன் எல்லை மீறி முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டிருந்தது. ஒன்று திணறும்போது மற்றதையும் குறைத்துத்தான் வாசிக்க வேண்டும். அப்புறம் எதற்கு இரண்டு?

வேறு வேறு பெட்டிகளில் ஒலி அலைகளின் ஃபேஸும், அதாவது அலை ஏறி இறங்கும் நேரமும், முன்பின்னாக இருக்கும். சில அதிர்வெண்களில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒரு ஃபிரெட்டில் முழங்கும் சுரம் அடுத்த ஃபிரெட்டில் ஒடுங்கும். ஆம்பில் பேஸ், டிரெபிள் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. ஒரே மாதிரி இரண்டு என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சத்தமும் 6 டெசிபல் வரை கூடும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் மேல் வரிசை உங்கள் காதுக்கு அருகில் வரும்.

அதற்கும் முன்னால் காசில்லாமல் ஒரு சோதனை. இருக்கிற கேபினெட்டை ஒரு மேசை மேல் தூக்கி வையுங்கள். தரையில் இருந்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் பாடும். பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைத்து, 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை சற்று ஏற்றுங்கள். நாலு கம்பி பேஸின் அடிச் சுரம் 41 ஹெர்ட்ஸ். அங்கே ஏற்ற ஏற்ற வாட் கரையும். டிரம்ஸைத் தாண்டிக் காதில் விழுவது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள மிட் (நடு அதிர்வெண்) பகுதிதான். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இதற்குப் பிறகும் 15 இன்ச்தான் வேண்டுமென்றால், உங்கள் கேபினெட்டின் அதே வரிசையில் வரும் 8 ஓம் மாடலாகப் பாருங்கள். 4 ஓம் பெட்டியைச் சேர்த்தால் மொத்தம் 2.67 ஓமுக்கு இறங்கும். உங்கள் ஆம்ப் அதைத் தாங்காது. வாங்குமுன் உங்கள் பெட்டியையும் கொண்டுபோய், மேடையில் வாசிக்கும் அதே சத்தத்தில் தனித்தனியாகவும் சேர்த்தும் கேளுங்கள். சேர்த்தபோது அடிநாதம் மெலிந்தால் அந்த ஜோடி வேண்டாம். இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான். கிட்டார் கேபிளைச் செருகாதீர்கள், சூடேறிவிடும்.