செயின் துள்ளுது, கியர் தன்ர பாட்டில மாறுது: சைக்கிள் கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கேள்வியள்ல முக்கால்வாசி ஒரே வருத்தம்தான், உழக்கேக்க செயின் டக்கெண்டு துள்ளுதாம். மறுமொழி சொல்ல முதல் ஒண்டு கேக்கிறன், எப்ப துள்ளுது எண்டு கவனிச்சனீங்களோ? சமதரையில சும்மா ஓடேக்க கியர் தானா மாறுதெண்டால் அநேகமா கேபிள். குளக்கட்டில ஏறேக்க, இல்லாட்டி பின்னால நெல்லுச்சாக்கு ஏத்திக்கொண்டு எழும்பி நிண்டு உழக்கேக்க மட்டும் துள்ளுதெண்டால் தேய்மானம். இதைப் பிரிச்சுப் பாக்காமல் சாமான் வாங்க கடைக்கு ஓடாதேங்கோ.

மாங்குளம் தம்பி: "அண்ணை, ஏழு கியர் சைக்கிள். நாலில விட்டால் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில நிண்டு கறகறக்குது. கடையில ஸ்குறூவைத் திருப்பினவை, இப்ப இன்னும் மோசம்."

ஸ்குறூவில கை வச்சதுதான் பிழை தம்பி. பின் கியர் செற்றில, அதாவது செயினைப் பல்லுக்குப் பல்லு மாத்துற, குட்டிச்சில்லு ரெண்டோட கீழ தொங்குற சாமானில, எச், எல் எண்டு எழுத்துப் போட்ட ரெண்டு ஸ்குறூவும் செயின் ரெண்டு கரையாலயும் வெளியில போகாமல் மறிக்க மட்டும்தான், நடுக்கியர் துள்ளுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. முதல்ல அதை பழையபடி, கரைப்பல்லுக்கு நேரா செயின் நிக்கிறமாதிரி வைப்பியுங்கோ. பிறகு பின்சில்லைத் தூக்கிப்பிடிக்க ஒராளைக் கூப்பிட்டு, ஆகச் சின்னப் பல்லுச்சில்லில விட்டு, உழக்கிக்கொண்டு ஒரேயொரு கிளிக் மாத்துங்கோ. அடுத்த பல்லுக்கு ஏறப் பஞ்சிப்படுதெண்டால் கேபிள் தொய்ஞ்சிட்டுது. கேபிள் கியர் செற்றுக்குள்ள போற இடத்தில விரலால திருப்புற ஒரு குமிழ் இருக்கும், சைக்கிளுக்குப் பின்னால நிண்டு பாக்கேக்க அதை இடப்பக்கமா கால் சுத்து திருப்பினால் கேபிள் இறுகும். திருப்பிப் பாருங்கோ, காணாட்டி இன்னொரு கால் சுத்து. ரெண்டாவது பல்லில நிக்கேக்க மூண்டாவதில உரசிற சத்தம் வந்தால் கூட இறுக்கிப்போட்டியள், வலப்பக்கம் விடுங்கோ.

பெரிய பல்லுக்கு நல்லா ஏறுது, திரும்பி சின்னதுக்கு இறங்கத்தான் சுணங்குது எண்டால் குமிழில கை வைக்காதேங்கோ, அது கேபிளுக்கு மேல இருக்கிற உறைக்குள்ள கிறவல் புழுதியும் மழைத்தண்ணியும் போய் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. ஒயில் விட்டால் ரெண்டு கிழமைக்கு ஓடும், பிறகு அதே கதை. கம்பியையும் உறையையும் சேத்து மாத்துங்கோ, பெரிய காசில்லை. புதுசு போட்ட கொஞ்ச நாளில திரும்பத் தொய்யும், பயப்பிடாதேங்கோ, குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சரி.

முல்லைத்தீவில இருந்து ஒரு அண்ணை: "புதுச்செயின் போட்டன், பழசை விட மோசமாத் துள்ளுது. கடைக்காரன் ஏமாத்திப்போட்டானோ?"

அநேகமா இல்லையண்ணை. செயினும் பல்லும் சேந்துதான் தேயும். பழைய செயின் நீண்டு, அதுக்கேத்தமாதிரி பல்லும் தேஞ்சு, ரெண்டும் சமாளிச்சு ஓடிக்கொண்டு இருந்திருக்கும், நீங்கள் ஒண்டை மட்டும் புதுசாக்க மற்றது ஒத்துவரேல்லை. அடுத்தமுறை மாத்த முதல் ஒரு இரும்பு அடிமட்டம் எடுத்து அளவுங்கோ. செயின்ல ஒரு ஊசி நடுவில இருந்து அடுத்த ஊசி நடு வரைக்கும் அரை இஞ்சி, அப்ப 24 கண்ணி சரியா 12 இஞ்சி, அதாவது 304.8 மில்லிமீற்றர். அந்த 12 இஞ்சிக்கு மேல பதினாறில ஒரு இஞ்சி கூட வந்தால் செயினை மட்டும் மாத்தித் தப்பலாம், எட்டில ஒண்டு கூட வந்தால் பின்பல்லும் போட்டுது எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் கூடப் பாவிக்கிற பல்லுச்சில்லை உத்துப் பாத்தால் பல்லு ஒருபக்கம் சரிஞ்சு கொக்கி மாதிரி நிக்கும்.

இன்னொண்டு, நீங்கள் கடற்கரைப் பக்கம். உப்புக்காத்தில ஒரு கண்ணி மட்டும் துருவில இறுகினாலும் துள்ளும், ஆனால் அது எல்லாக் கியர்லயும் ஒரே கணக்கில, குறிப்பிட்ட சுத்துக்கு ஒருக்கால் துள்ளும். பெடலைப் பின்னுக்கு மெதுவாச் சுத்திக்கொண்டு கீழ இருக்கிற குட்டிச்சில்லுக்குள்ளால செயின் போறதைப் பாருங்கோ, மடியாத கண்ணி துடிச்சுக்கொண்டு வரும். ஒரு துளி ஒயில் விட்டு அந்த இடத்தை ரெண்டு கையாலயும் பக்கவாட்டில இஞ்சாலயும் அங்காலயும் வளைச்சுவிட்டால் இளகும்.

ஒட்டுசுட்டான்: "லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) பெட்டியில சைக்கிளை ஏத்திக்கொண்டு வந்தது, அதுக்குப் பிறகு பெரிய பல்லுக்கு விட்டால் செயின் சில்லுக்கம்பிக்குள்ள போகப்பாக்குது."

அந்தக் கியரை உடன நிப்பாட்டுங்கோ, ஓடேக்க உள்ள போனால் சில்லு இறுகி ஆளைத் தூக்கி எறியும். வலப்பக்கமா படுத்தி வச்சிருப்பியள், கியர் செற் தொங்குற இரும்புத்துண்டு உள்ளுக்கு வளைஞ்சிட்டுது. பின்னால குந்தியிருந்து பாருங்கோ, குட்டிச்சில்லு ரெண்டும் பல்லுக்கு நேர் கீழ நிக்கோணும். நிமித்துறதை அதுக்குரிய ஆயுதம் வச்சிருக்கிறவரிட்டக் குடுங்கோ, சுத்தியலால தட்டவேண்டாம். தனியாக் கழட்டுற துண்டெண்டால் பழசைக் கையில கொண்டுபோய் பொருத்திப் பாத்து வாங்குங்கோ. அது நேரான பிறகுதான் எல் ஸ்குறூவை, சில்லுக்கம்பிப் பக்கம் செயின் போகாமல் மறிக்கிறதை, சரிபாக்கோணும்.

துணுக்காய் ஐயா ஒராள்: "கியர் இல்லாத பழைய சைக்கிள் தம்பி. சிலநேரம் பெடல் வெறுமனச் சுத்துது."

ஐயா, செயின் துள்ளாமல் பெடல் மட்டும் சும்மா சுத்துதெண்டால் பிறீவீலுக்குள்ள, அதாவது உழக்காமல் விட்டாலும் சில்லு ஓடவிடுற பின்பல்லுச்சில்லுக்குள்ள, இருக்கிற நாக்கு ஒட்டிப்போச்சு, பழைய கிறீஸ் காய்ஞ்சு கிடக்கும். சைக்கிளைச் சரிச்சு மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தி, ஊத்தை வெளிய வந்தாப் பிறகு மெல்லிய ஒயில் விடுங்கோ, கிறீஸ் வேண்டாம். திரும்பவும் வழுக்கினால் பிறீவீலையே மாத்துங்கோ. செயின் பூட்டின்ர கிளிப்பையும் ஒருக்கால் பாருங்கோ, மூடின பக்கம் செயின் ஓடுற திசைக்கு நிக்கோணும்.

புதுக்குடியிருப்பு: "பழைய எஞ்சின் ஒயில் பூசலாமோ?"

வேண்டாம். அதுக்குள்ள இரும்புத்தூள் இருக்கும், போதாததுக்கு எங்கட ரோட்டுப் புழுதி முழுக்க அதில ஒட்டி அரைக்கும். தேங்காயெண்ணெய் பிசினாப் போகும். துடைச்சு, கண்ணிக்கு ஒரு துளி சைக்கிள் ஒயில், கொஞ்சம் பொறுத்து வெளிப்பக்கத்தைத் திரும்பத் துடைக்கோணும், அவ்வளவுதான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில எல்லாரும் வெளிய எடுத்த சைக்கிள் இப்ப திரும்ப கோடிக்குள்ள சாத்தின கையோட கிடக்கு, அதுகளின்ர செயின்தான் இப்ப கூட வருது. கார்த்திகை, மார்கழி மழைக்கு அடிக்கடி துடையுங்கோ.

பரந்தன் தங்கச்சி: "முன்னுக்கும் பெரிசு, பின்னுக்கும் பெரிசு போட்டால் கத்துது, பழுதோ?"

பழுதில்லை, செயின் குறுக்கால இழுபடுது, அந்தச் சோடியைப் பாவிக்காதேங்கோ, சின்னன் சின்னனும் அப்பிடித்தான். முன்னுக்கு நடுப்பல்லில விட்டுட்டு பின்கியரை மட்டும் மாத்திக்கொண்டு விசுவமடு வரைக்கும் போய்வரலாம்.