ஐஸ்னர் விட்டுப்போன பெட்டகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஸ்னி பற்றிய குறிப்பொன்றில் மைக்கேல் ஐஸ்னரைப் (1984 முதல் 2005 வரை நிறுவனத்தின் தலைமை அதிகாரி) போகிறபோக்கில் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மலிவான வீடியோ இரண்டாம் பாகங்கள், கையால் வரையும் கலைஞர்களின் வேலையிழப்பு, கணினி அனிமேஷன் ஸ்டூடியோ பிக்ஸாரோடு சண்டை, எல்லாம் அவர் காலத்தில்தான். கடைசியில் வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகனே போர்க்கொடி தூக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த பாப் ஐகர்தானே நிறுவனத்தைக் காப்பாற்றினார்? போகட்டும், அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஃபிராங்க் வெல்ஸ் 1994இல் இறந்ததோடு நல்ல ஐஸ்னர் முடிந்துபோனார் என்று பலரும் சொல்வதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் குற்றப்பத்திரிகையில் ஒரு வரியையும் மறுக்க மாட்டேன். ஓவிட்ஸ் கதையை வேறு விட்டுவிட்டீர்கள். 1995இல் தன் நண்பர் மைக்கேல் ஓவிட்ஸை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார் ஐஸ்னர். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, அனுப்பிவிட்டார். போகும்போது ஓவிட்ஸுக்குக் கிடைத்தது சுமார் 14 கோடி டாலர். பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். இயக்குநர் குழு சட்டத்தை மீறவில்லை என்று டெலவேர் நீதிமன்றம் விட்டுவிட்டது, ஆனால் ஐஸ்னர் காரியம் நடத்திய லட்சணத்தைக் கண்டிக்காமல் விடவில்லை.

சரி, அப்புறம் ஏன் பாராட்டினேன்? அவர் உள்ளே வந்த நேரத்தைப் பாருங்கள். வால்ட் 1966இல் இறந்த பிறகு, அவர் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டே காலம் தள்ளிக்கொண்டிருந்த நிறுவனம் அது. 1984இல் முதலீட்டாளர் ஸால் ஸ்டைன்பெர்க் அதை வளைத்துப்போட வந்தார். பணம் கொடுத்துத்தான் அவரைத் திருப்பி அனுப்ப முடிந்தது. அந்தக் களேபரத்துக்குப் பிறகு ஐஸ்னரையும் வெல்ஸையும் கொண்டுவர முன்னின்றவர் ராய் டிஸ்னி. ஆமாம், பின்னாளில் போர்க்கொடி தூக்கிய அதே அண்ணன் மகன்தான்.

ஐஸ்னர் முதலில் செய்தது பெட்டகத்தைத் திறந்தது. டிஸ்னி தன் பழைய படங்களைப் பூட்டிவைத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை தியேட்டரில் மறுபடி ஓட்டும். கேசட்டில் விற்றால் அந்த வருமானம் போய்விடும் என்ற பயம். அதை மீறி விற்றார்கள், பணம் கொட்டியது. பூங்காக்களின் டிக்கெட் விலையை ஏற்றினார்கள், ஹோட்டல்களைக் கட்டிக்கொண்டே போனார்கள். இதெல்லாம் முன்னோர் சொத்தை நன்றாக நிர்வகிப்பது. திறமைதான், ஆனால் இதற்காக மட்டும் ஒருவரை நினைவு வைத்துக்கொள்ள மாட்டேன்.

பர்பாங்க் தலைமையகத்தில் ஐஸ்னர் கட்டிய கட்டடத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்தது. முகப்பில் ஸ்னோ ஒயிட்டின் ஆறு குள்ளர்கள், ஆளுக்குச் சுமார் 19 அடி உயரம், கைகளைத் தூக்கிக் கூரையைத் தாங்கி நிற்கிறார்கள். உச்சி முக்கோணத்தில் ஏழாவது குள்ளன் டோப்பி. அந்த வளாகத்தை வாங்கிக் கட்டிய பணமே 'ஸ்னோ ஒயிட்' வசூல்தான், அந்த வகையில் பொருத்தமான வேடிக்கை. இன்று கட்டடத்துக்கு ஐஸ்னர் பெயர். ஆனால் அவர் பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே வால்ட் கட்டிய கட்டடத்திலிருந்து அனிமேஷன் கலைஞர்களைக் கிளப்பி, கிளெண்டேலில் இருந்த கிடங்குகளுக்கு அனுப்பிவிட்டார்கள். 1989இன் 'தி லிட்டில் மெர்மெய்ட்', 1991இன் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்', 1992இன் 'அலாடின்', 1994இன் 'த லயன் கிங்', நான்குமே அந்த நாடுகடத்தலில் வந்தவை.

இவற்றை ஐஸ்னர் கணக்கில் எழுதலாமா என்று கேட்பீர்கள். முதல் மூன்றில் பாட்டும் உயிரும் ஹோவர்ட் ஆஷ்மன், ஆலன் மென்கன் போட்டது. ஆஷ்மன் 'பீஸ்ட்' வெளிவருவதற்குள் இறந்தே போனார். ஆட்களை விரட்டி வேலை வாங்கியவர் ஸ்டூடியோ தலைவர் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க், அனிமேஷன் துறைக்காக வாதாடியவர் ராய். தலைமை அதிகாரிகள் படம் எடுப்பதில்லை. ஆனால் இத்தனை பேர் ஒரே கூரைக்குக் கீழ், சண்டை போட்டுக்கொண்டாவது, பத்து வருடம் வேலை செய்தது அவர் காலத்தில்தான். வந்தபோது பெட்டகத்தில் இல்லாத எது போகும்போது இருந்தது என்பதுதான் நான் பார்க்கிற கணக்கு.

வெல்ஸ் விஷயத்தில் ஊரோடு ஒத்துப்போக முடியவில்லை. 1994 ஏப்ரலில் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தது பெரிய இழப்பு, ஐஸ்னருக்கும் காட்ஸன்பெர்க்குக்கும் நடுவே நின்றவர் அவர். அவர் போன சில மாதங்களில் காட்ஸன்பெர்க்கும் வெளியேறி, ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஆனால் அளவுக்கு மீறி ஹோட்டல் கட்டிக் கடனில் மூழ்கிய பாரிஸ் பூங்காவான யூரோ டிஸ்னி திறந்தது 1992இல். நீங்கள் திட்டும் வீடியோ பாகங்களில் முதலாவதான 'ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்' கடைக்கு வந்தது வெல்ஸ் இறந்த அடுத்த மாதம். அப்படியென்றால் அதை எடுத்தது அவர் இருந்தபோதுதானே? பெட்டகத்தைத் திறந்த அதே கைதான் அதைச் சுரண்டவும் செய்தது. நல்ல ஐஸ்னர், கெட்ட ஐஸ்னர் என்று தேதி போட்டுப் பிரிக்க எனக்கு வரவில்லை.

ஐகருக்கு வருவோம். 1996இல் 1,900 கோடி டாலருக்கு ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்தை ஐஸ்னர் வாங்கியபோது கூடவே வந்த ஆள் அவர். 2005இல் ஹாங்காங் டிஸ்னிலேண்ட் திறப்பு அணிவகுப்பில், கடந்த பத்து வருடப் பாத்திரங்கள் என்று வந்ததெல்லாம் பிக்ஸாருடையவையாக இருப்பதைக் கவனித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மறு வருடம் 740 கோடி டாலருக்கு பிக்ஸாரை வாங்கினார். அருமையான முடிவு, அதன் பலனில் 2013இன் 'ஃபிரோஸ'னையும் சேர்க்க வேண்டும். அப்புறம் மார்வெல், லூகாஸ்ஃபிலிம், கடைசியாக 7,100 கோடிக்கு ஃபாக்ஸ். காப்பாற்றினாரா? சந்தேகமில்லை. ஆனால் அவருடைய பெரிய வசூல்களில் 2017இன் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்', 2019இன் 'அலாடின்', 'த லயன் கிங்' ஆகியவையும் உண்டே! மூன்றும் தலைக்கு 100 கோடி டாலரைத் தாண்டின. மூன்றும் யாருடைய பெட்டகம்?

2004 மார்ச்சில் பிலடெல்பியா பங்குதாரர் கூட்டத்தில் சுமார் 43 சதவீத வாக்குகள் ஐஸ்னருக்கு விழாமல் நிறுத்திவைக்கப்பட்டன. அன்றே இயக்குநர் குழுத் தலைவர் பதவியைப் பறித்தார்கள். அது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஓவிட்ஸுக்குப் போன பணத்தைக்கூட மறந்துவிடலாம், அந்த வருடம் புளோரிடா அனிமேஷன் ஸ்டூடியோவை மூடியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 'முலா'னையும் 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்'சையும் செய்த இடம் அது. 'லிலோ'வை 2025இல் நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். அதுவும் 100 கோடியைத் தாண்டியது.